கொல்லம் டு கோட்டப்புரம்... 168 கி.மீ படகுப் பயணம்! பிளான் பண்றது எப்படி?

கேரளா படகுப் பயணம்னு சொன்னதும் உங்க போன் கேலரியில் என்ன வரும்? ஆலப்புழா, ஒரு ஹவுஸ்போட், வாழை இலையில் கரிமீன், மேல்தளத்தில் கூலிங் கிளாஸோடு ஒரு செல்ஃபி. காலையில் ஏறி, ஏரியில் ஒரு வட்டம் அடித்து, மறுநாள் அதே ஜெட்டியில் இறங்கியிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால், நீங்கள் சுற்றிய அந்த ஏரி 168 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரோட்டின் நடுத்துண்டு என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரால் ஆன ரோடு. தெற்கே கொல்லத்தில் ஆரம்பித்து, வடக்கே கொடுங்கல்லூர் பக்கத்தில் இருக்கும் கோட்டப்புரம் வரை, கடலுக்கு இணையாகவே ஓடுகிறது.

இதற்கு அரசாங்கப் பெயர் தேசிய நீர்வழி எண் 3. 1993-ல் அறிவித்தார்கள். 2016-ல் வந்த சட்டம் இதைக் கோழிக்கோடு வரை 365 கி.மீட்டராக நீட்டியது. ஆனால் நாலைந்து நாள் லீவில் நீங்கள் திட்டமிட்டுப் போய்வரக்கூடியது பழைய 168 கி.மீ-தான். மேற்கே அரபிக்கடல், கிழக்கே வயலும் தோப்பும், நடுவில் நீங்கள். சில இடங்களில் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருப்பது ஒரு தெரு அகல நிலம்தான். படகு இன்ஜினை ஆஃப் செய்தால் அலைச்சத்தம் கேட்கும். ஆனால், உங்கள் படகு ஆடாது.

கடலோரமாகவே போகலாம், கடலில் இறங்க வேண்டாம். இந்த வழியின் மொத்த அழகும் அதுதான். அந்தக் காலத்தில் கயிறும் கொப்பரையும் மிளகும் இப்படித்தான் போயின. இந்த நீர்வழியைத் தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் இழுக்க 1860-களில் திருவிதாங்கூர் ராஜ்ஜியம் வெட்ட ஆரம்பித்ததுதான் ஏ.வி.எம் கால்வாய். குளச்சல், மண்டைக்காடு பக்கம் ஊர் இருக்கிறவர்கள் அதன் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கிங்ஹாம் கால்வாய் கதை தனி... அதை இன்னொரு நாள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

சரி, பிளானுக்கு வருவோம்.

முதல் கேள்வி: நாமே ஓட்டலாமா?

கார் மாதிரி 'செல்ஃப் டிரைவ்' எடுத்துக்கொண்டு கிளம்புவதை மறந்துவிடுங்கள். வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் இன்ஜின் படகு என்றால், அதை ஓட்டப் பயிற்சியும் சான்றிதழும் உள்ள ஆட்கள் இருக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவரை அங்கே 'ஸ்ராங்க்' என்பார்கள். இன்ஜினைக் கவனிப்பவர் டிரைவர். கயிறு வீசுவது, கட்டுவது, கழியால் தள்ளுவது எல்லாம் லஸ்கர் வேலை. சின்னப் படகில் ஆட்கள் குறையலாம். ஆனால், ஸ்ராங்க் கையில் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும்.

இது உங்களுக்கு நல்லதுதான். மேலே இருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும் காயலில், படகு போகக்கூடிய ஆழமான பாதை ஓரிடத்தில் மட்டும்தான் இருக்கும். நீர்வழிக்கு வகுத்திருக்கும் அளவே அகலம் 32 முதல் 38 மீட்டர், ஆழம் 2 மீட்டர். அதைத் தாண்டினால் முழங்கால் ஆழத்துக்குச் சேறு இருக்கலாம், மீன்வலைக் கழி இருக்கலாம், தண்ணீருக்கு அடியில் பழைய கல்வரப்பு இருக்கலாம். கூகுள் மேப் இதில் எதையும் சொல்லாது. அதில் எல்லாமே ஒரே நீலம்.

எந்தப் படகு?

நாலைந்து நாள் தொடர்ந்து போவதற்கு ஹவுஸ்போட் சரியான தேர்வு இல்லை என்பது என் அபிப்பிராயம். மெதுவாகப் போகும், வாடகை எகிறும், ரெண்டு மாடிப் படகு என்றால் பழைய பாலங்களுக்கு அடியில் நுழையாது. பெரும்பாலான ஹவுஸ்போட்டுகள் ஆலப்புழா, குமரகம் வட்டத்தைத் தாண்டி வரவும் மாட்டார்கள். கேட்டால் "அது பற்றில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

உங்களுக்குத் தேவை கூரை போட்ட மோட்டார் படகு. ஷிகாரா என்று அங்கே சொல்வதன் கொஞ்சம் பெரிய சைஸ். ஆறு பேர் உட்கார, பை வைக்க இடம் இருந்தால் போதும். பகலில் படகு, இரவில் கரையோர ஹோம்ஸ்டே. தூக்கமும் நன்றாக வரும், கொசுவும் குறைவு, செலவும் குறைவு. கொல்லம், ஆலப்புழா ஜெட்டிகளில் நேரில் போய்ப் பேசுவதுதான் நல்லது. "கோட்டப்புரம் வரைக்கும் போகணும் சேட்டா" என்றால் முதலில் சிரிப்பார்கள். அந்த ரூட்டில் ஏற்கெனவே போன ஸ்ராங்க் யார் என்று விசாரியுங்கள், யாராவது ஒருவர் பெயர் வந்து விழும். ஒரே படகு முழுத்தூரமும் வராவிட்டால், கொல்லம்-ஆலப்புழா ஒன்று, ஆலப்புழா-கொச்சி இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாம். படகு திரும்பிப் போகும் டீசலும் உங்கள் கணக்கில்தான் வரும், முன்னாடியே பேசிவிடுங்கள்.

பட்ஜெட் ரொம்ப இறுக்கமா? கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகளையே சங்கிலி மாதிரி கோத்துப் போகலாம். கொல்லம்-ஆலப்புழா நாள் முழுக்கப் போகும் சுற்றுலாப் படகு, சுமார் எட்டு மணி நேரம். 'சீ அஷ்டமுடி', 'சீ குட்டநாடு' என்று சுற்றிக் காட்டும் படகுகள் உண்டு. ஆலப்புழா-கோட்டயம், முஹம்மா-குமரகம், வைக்கம்-தவணக்கடவு எல்லாம் ஊர்க்காரர்கள் போகும் பஸ் மாதிரியான சர்வீஸ்கள். சில்லறைக் காசில் ஏரியைத் தாண்டலாம். எந்த சர்வீஸ் இந்த சீசனில் ஓடுகிறது என்பதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜின் ரிப்பேர் என்றால் ஒரு வாரம் நிற்கும்.

கணக்கு: கிலோமீட்டர் இல்லை, மணி நேரம்

ரோட்டில் 168 கி.மீ என்றால் மூணு மணி நேரம். தண்ணீரில் டீசல் படகு மணிக்கு 10 கி.மீ போனால் சந்தோஷப்படுங்கள். அப்படியென்றால் 17 மணி நேரம் இன்ஜின் ஓடணும். இது காகிதக் கணக்கு. லாக்கில் காத்திருப்பது, எதிர்க்காற்று, பாசி சிக்கினால் நின்று எடுப்பது, டீ, போட்டோ எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு நேரம் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் படகில் உட்கார்ந்தால் இரண்டாம் நாளே சலிப்பு தட்டிவிடும். ஆகவே ஐந்து பகல், நாலு இரவு. கொல்லத்திலிருந்து ஆலப்புழா சுமார் 80 கி.மீ, அதை இரண்டு நாளாக உடையுங்கள். அங்கிருந்து கொச்சி சுமார் 60 கி.மீ, அதுவும் இரண்டு நாள். கடைசி நாள் கொச்சியிலிருந்து கோட்டப்புரம்.

டீசலும் இதே மாதிரிதான். ஸ்ராங்கிடம் "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்று கேளுங்கள். அதை மொத்த மணி நேரத்தால் பெருக்குங்கள், மேலே மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். கிலோமீட்டருக்கு மைலேஜ் கேட்டால் சரியான பதில் வராது. நீரோட்டம் எதிரே வந்தால் அதே தூரத்துக்கு இன்ஜின் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான் விஷயம். வழிநெடுக தண்ணீர் மேல் பெட்ரோல் பங்க் எதிர்பார்க்க வேண்டாம். கேனில் வாங்கி ஏற்றுவதுதான். அந்தக் கேன் இருக்கும் பக்கம் சிகரெட் கூடாது என்பதை உங்க கேங்கில் ஒருத்தருக்காவது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் 'லேடிஸ்' என்று ஒரு ஆன்லைன் வசதி வைத்திருக்கிறது. எந்த நீர்வழியில், எந்தப் பகுதியில் குறைந்தபட்ச ஆழம் எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். படகுக்காரருக்கு அது தேவைப்படாது, மனசிலேயே மேப் இருக்கும். ஆனால், நீங்கள் பார்த்து வைத்துக்கொண்டு பேசினால் பேச்சின் தரமே மாறும்.

எப்போது போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வெள்ளம், மிதந்து வரும் மரக்கட்டை, நீர்மட்டம் ஏறிப் பாலத்தின் கீழ் இடைவெளி குறைவது... வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு துலாமழை. திறந்த ஏரியின் நடுவே உயரமான பொருள் உங்கள் படகு மட்டும்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான நேரம்.

அப்போது ஒரு விஷயம் கவனிக்கணும். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கிறது. டிசம்பர் நடுவில் இதன் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள், மார்ச், ஏப்ரல் வாக்கில்தான் திறப்பார்கள். காரணம் நெல். தெற்கே இருக்கும் குட்டநாட்டில் வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. இடத்துக்கு இடம் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேல் பள்ளம். இந்த விவசாய முறையை 2013-ல் ஐ.நா-வின் உணவு, விவசாய அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. கோடையில் கடலின் உப்பு நீர் உள்ளே ஏறினால் பயிர் கருகிவிடும். அதனால் அணை.

ஆனால், மீனவர்களுக்கு இந்த அணை பிடிக்காது. உப்பு நீர் வந்து போனால்தான் மீனும் இறாலும் பெருகும். மூடினால் இனப்பெருக்கமே தடைபடுகிறது என்பார்கள். அதோடு இன்னொன்று. வெங்காயத் தாமரை உப்பு நீரில் சாகும், நல்ல நீரில் தழைக்கும். ஷட்டர் மூடியிருக்கும் மாதங்களில் அணைக்குத் தெற்கே பச்சைக் கம்பளம் விரிந்துகொண்டே போகும். உங்கள் படகின் புரொப்பல்லரில் அது சிக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு லஸ்கர் கத்தியோடு குனிந்து அறுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஷட்டருக்காக விவசாயியும் மீனவரும் ஐம்பது வருஷமாக ஏன் வாதாடுகிறார்கள் என்பது நன்றாகப் புரியும். அணை மூடியிருந்தாலும் படகுகள் போக அங்கே லாக் உண்டு. எந்த நேரத்துக்கு விடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

லாக் என்றால் என்ன என்பதையும் சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர் அறை. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடுவார்கள். அந்தப் பக்கம் நீர்மட்டம் எவ்வளவோ, அந்த அளவுக்கு அறைக்குள் தண்ணீரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். பிறகு முன்கதவு திறக்கும். தண்ணீர் லிஃப்ட்! இந்த வழியில் திருக்குன்னப்புழாவிலும் ஒரு லாக் உண்டு. அங்கே பராமரிப்பு வேலை நடந்தால் படகு தாண்ட முடியாமல் போகலாம். அதனால் இரண்டாம் நாள் திட்டத்தை உறுதி செய்யும் முன் அந்த ஊரில் ஒரு போன் விசாரணை கட்டாயம்.

வழியில் என்னென்ன?

சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் எக்ஸ்பிரஸ், செங்கோட்டை மலைப்பாதை வழியாகக் கொண்டு விடும். முதல் நாள் அஷ்டமுடிக் காயல். எட்டுக் கிளைகள் என்பதுதான் பெயரின் அர்த்தம். காயல் கடலோடு சேரும் நீண்டகரை அழிமுகத்துக்குப் பக்கத்தில் போகும்போது நீரோட்டம் திடீரென இழுக்கும், மீன்பிடி விசைப்படகுகள் வரிசையாக வரும். அங்கே பேச்சைக் குறைத்து ஸ்ராங்கை வேலை பார்க்க விடுங்கள். அதைத் தாண்டி சவரா. கரையில் மணல் கறுப்பாக இருக்கும். டைட்டானியத்துக்கான இல்மனைட் அது. அரசு ஆலைகளே இதை நம்பி நிற்கின்றன. மண் எடுப்பதால் ஆலப்பாடு கிராமத்தின் கரை குறுகிவிட்டது என்பது உள்ளூர்க்காரர்களின் நீண்டநாள் போராட்டம். 2004 சுனாமியில் கேரளத்திலேயே மிக மோசமாக அடிவாங்கியதும் அந்த ஆலப்பாடுதான். படகிலிருந்து பார்த்தால், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் அந்த ஊருக்கு ஓட இடமே இல்லை என்பது தெரியும்.

கருநாகப்பள்ளி பக்கம் ஆலும்கடவில் கெட்டுவள்ளம் கட்டுகிறார்கள். ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் படகு. நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள். முதல் இரவை காயங்குளம் காயல் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் கால்வாய் குறுகும். வீட்டு வாசற்படிகள் நேரே தண்ணீரில் இறங்கும். துணி துவைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், குளிப்பவர்கள் என உங்கள் பயணம் யாரோ ஒருவரின் பின்கட்டு வழியாகப் போகிறது. கேமராவைக் கீழே வையுங்கள். இன்ஜின் வேகத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் படகு கிளப்பும் அலை போய் மண்கரையை அரிக்கும், கைத்துடுப்பு வள்ளத்தில் போகும் பாட்டியை நனைக்கும். திருக்குன்னப்புழாவுக்கும் தோட்டப்பள்ளிக்கும் நடுவில் பல்லனை என்ற ஊர் வரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். கருமாடியில் பாதி உடைந்த கருங்கல் புத்தர், அம்பலப்புழாவில் பால் பாயசம். மாலையில் ஆலப்புழா.

அடுத்தது புன்னமடை. 1952-ல் ஆரம்பித்த நேரு டிராஃபி வள்ளங்களி நடக்கும் இடம். ஆகஸ்ட் மாதப் போட்டி நாளில் இந்தப் பக்கம் படகே நுழைய முடியாது. எப்படியும் நீங்கள் மழைக்காலத்தில் போகப் போவதில்லை. அதற்கப்புறம் வேம்பநாடு. இந்தியாவின் நீளமான ஏரி. காலையில் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் நிலம் சூடாகி, மதியத்துக்கு மேல் கடல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அகலமான ஏரியில் அது ஓடிவர நிறைய தூரம் கிடைப்பதால் குட்டி அலைகள் எழும்பி, சின்னப் படகின் பக்கவாட்டில் தட்டும். ஆகவே மூன்றாம் நாள் மட்டும் சோம்பல் கூடாது. ஏழு மணிக்குக் கிளம்பி, பாதிராமணல் தீவைப் பார்த்துவிட்டு, பகல் 12-க்குள் தண்ணீர்முக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

அன்றிரவு வைக்கம். நமக்கு இது வெறும் ஸ்டாப் இல்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924-25-ல் போராட்டம் நடந்த ஊர். பெரியார் சிறை சென்ற ஊர். அவர் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். ஜெட்டியிலிருந்து நடந்தே போகலாம். அதே ஜெட்டியில்தான் 2017 முதல் 'ஆதித்யா' என்ற சோலார் படகு, சத்தமும் புகையும் இல்லாமல் அக்கரைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் டீசல் இன்ஜினோடு மூன்று நாள் இருந்த காதுக்கு அந்த 20 சொச்ச நிமிஷம் சொர்க்கம்.

நாலாம் நாள் கொச்சி. இங்கே தண்ணீர் ரோட்டில் டிராஃபிக் ஜாம் மாதிரி எல்லாமே இருக்கும். கன்டெய்னர் கப்பல், கடற்படைப் பகுதி, 2023-ல் வந்த வாட்டர் மெட்ரோ, சீனவலைகள். பெரிய கப்பல் உங்களுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. கப்பல் பாதையை நேர்குறுக்காக, சீக்கிரமாகத் தாண்டுவதுதான் முறை. கடைசி நாள் பரவூர் பக்கமாக வடக்கே போய் கோட்டப்புரம். 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம், பக்கத்தில் கொடுங்கல்லூர். சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறி, யவனர் கப்பல் வந்து மிளகு ஏற்றிப் போன துறை, இந்தப் பகுதியில்தான் இருந்தது என்று கருதுகிறார்கள். பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நீங்கள் வந்து சேர்ந்திருப்பது 2,000 வருஷப் பழைய ஜெட்டிக்கு! திரும்ப பஸ் பிடித்து ஆலுவா போனால் ரயில்.

பல்லனையில் என்ன நடந்தது?

1924 ஜனவரி 16. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான், கொல்லத்திலிருந்து ஆலப்புழாவுக்கு 'ரிடீமர்' என்ற படகில் வந்துகொண்டிருந்தார். இதே கால்வாய். இரவுப் பயணம், அளவுக்கு மீறிய கூட்டம். பல்லனை வளைவில் படகு கவிழ்ந்தது. ஆசானோடு பலர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இப்போது குமாரகோடி என்று பெயர், கரையில் நினைவிடம் இருக்கிறது. கடல் இல்லை, புயல் இல்லை. இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும் ஒரு கால்வாய்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2002 ஜூலை 27, முஹம்மாவிலிருந்து குமரகம் போன படகு வேம்பநாட்டில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போனவர்கள் நிறைய பேர். 2009-ல் தேக்கடியில் 45 பேர். பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர், அதில் குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள், பொழுது சாய்ந்த பிறகு கிளம்பியது, கூட்டம் அதிகம்.

நூறு வருஷ இடைவெளியில் நடந்தவை இவை. ஆனாலும் அதே இரண்டு மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூடுதல் ஆள், இருட்டு, கவனிக்காத படகு. மூன்றையும் ஏறுவதற்கு முன்பே நீங்கள் சோதித்துவிட முடியும்.

படகின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். சர்வே சான்றிதழைக் கேளுங்கள். அதில் தேதி முடியவில்லையே, எந்தப் பகுதியில் ஓடலாம் என்றிருக்கிறது, காப்பீடு உண்டா என்று பாருங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற ஆளிடம் ஏற வேண்டாம். நல்ல படகுக்காரர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார், அவர் அதற்காகச் செலவழித்திருக்கிறார்.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் மூட்டையாகக் கட்டிக்கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். எண்ணிப் பாருங்கள். போட்டு, எல்லாப் பட்டையும் இறுக்கிய பிறகு, நண்பரை விட்டு இரண்டு தோள்பட்டையையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி காது வரை ஏறினால் சைஸ் தப்பு. தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், நீங்கள் நழுவிவிடுவீர்கள். குழந்தை கூட வந்தால் குழந்தை சைஸ் வேண்டும், பெரியவர் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டுவது ஆபத்து. "எனக்கு நல்லா நீந்தத் தெரியும்" என்பவர்தான் முதலில் போடணும். கவிழ்ந்த படகின் கூரைக்கு அடியில், சேற்று நீரில், ஜீன்ஸோடு நீந்துவது கிணற்றில் நீந்துவது மாதிரி இல்லை. அதனால் இன்னொன்றும் சொல்வேன். ஜன்னல்களை அடைத்து ஏ.சி போட்ட சின்னப் படகைவிட, பக்கங்கள் திறந்த படகு எவ்வளவோ மேல்.

ஒரு பக்கம் யானை, டால்பின், சினிமா ஷூட்டிங் எது வந்தாலும் எல்லோரும் அந்தப் பக்கம் எழுந்து ஓடாதீர்கள். கூரை மேல் ஏறி நிற்பது அதைவிட மோசம். எடை மேலே போகப் போக, படகு சாய்ந்தால் திரும்ப நிமிரும் சக்தி குறையும். ரீல்ஸ் கரையில் எடுங்கள்.

மாலை ஐந்தரைக்குள் கட்டிவிட வேண்டும். இருட்டில் மீனவர்கள் வலை விரிப்பார்கள், அது அவர்கள் நேரம். உங்கள் புரொப்பல்லர் கிழிக்கும் வலை ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானமாக இருக்கலாம். ஒரு நாள் தூரம் பாக்கி விழுந்தாலும் பரவாயில்லை, 'இன்னும் அரை மணி நேரம் தானே' என்று ஸ்ராங்கை நெருக்காதீர்கள். திட்டத்தில் ஒரு அரைநாளைச் சும்மா விட்டு வைப்பது இதற்காகத்தான்.

பையில் என்ன?

சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை. குட்டநாட்டுக்காரர்களே குடிநீருக்குத் திண்டாடுகிறார்கள். 20 லிட்டர் கேன் ஆளுக்கு ஒன்று என்று ஏற்றிவிடுங்கள். காலி பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் உங்களோடு ஆலுவா வரை வரணும். குளிக்கக் குதிப்பதைத் தவிர்க்கலாம். சேறு, வேர், கண்ணாடித் துண்டு இருக்கும். அதோடு குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் வரும் ஊர்கள் உண்டு, காலில் காயம் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கவே வேண்டாம். கழிவறை இருக்கும் படகு என்றால் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். காயலுக்குள் என்று பதில் வந்தால் வேறு படகு.

தண்ணீர் புகாத பவுச்சில் போன், பவர் பேங்க், டார்ச், விசில், தொப்பி, முழுக்கைச் சட்டை, ஓ.ஆர்.எஸ், கொசுவர்த்தி. அவசரத்துக்கு 112. ஊரில் இருக்கும் ஒருவருக்கு லைவ் லொகேஷனும், தினமும் எந்த ஜெட்டியில் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்ற பட்டியலும் கொடுத்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் உங்களிடமிருந்து மெசேஜ் வரவில்லை என்றால், அவர் முதலில் கூப்பிட வேண்டியது ஸ்ராங்கின் நம்பரை. அந்த நம்பரை இன்றைக்கே அனுப்பி வையுங்கள்.